கோலமாவில் ஊர்ப்படம்: மக்களோடு உட்கார்ந்து வரைவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிராமத் தங்கல் திட்டத்துக்கு வரும் வேளாண் கல்லூரி மாணவர்கள், என்.எஸ்.எஸ். முகாமுக்கு வருகிறவர்கள், ஊராட்சித் திட்டம் போட உதவும் தன்னார்வலர்கள் ஆகியோருக்கு முதல் சில நாட்களிலேயே தரப்படும் வேலை இது. ஊராரைக் கூட்டி, தரையில் கோலமாவால் ஊரின் சமூக வரைபடமோ (தெரு, வீடு) வள வரைபடமோ (தண்ணீர், வயல்) போட வைக்க வேண்டும். மக்கள் பங்கேற்போடு ஊரை அறியும் இந்த முறையை (Participatory Rural Appraisal) பி.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

பெரும்பாலும் நடப்பது என்ன? பத்து மாணவர்கள் குனிந்து ரங்கோலி போடுகிறார்கள், ஊர்க்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், ஃபோட்டோ எடுத்ததும் கலைந்துவிடுகிறார்கள். படம் கிடைத்துவிட்டது. ஆனால் மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது.

ஊர்க்காரர் கை வரைந்தால்தான் ஊர்க்காரருக்குத் தெரிந்தது வெளியே வரும். கோடு எங்கே போகிறது என்று இருவர் வாக்குவாதம் செய்கிறார்களே, அதுதான் நீங்கள் தேடி வந்த தகவல். கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த வாக்குவாதம் நடக்க இடம் பண்ணித் தருவதற்காகத்தான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் கண்மாய் (ஏரி) கிராமங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். டெல்டாவிலோ மலைக்கிராமத்திலோ வேலை செய்பவர்கள் கண்மாய்க்குப் பதில் தங்கள் ஊர்ப் பெயர்களைப் போட்டுக்கொள்ளலாம்.

1. ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்

"ஊரின் நிலையை அறிய" என்று எழுதிக்கொண்டு போனால் ஒன்றும் தேறாது. கேள்வி குறுகலாக இருக்கட்டும். "மழை பெய்தும் கண்மாய்க்குத் தண்ணீர் ஏன் வந்து சேருவதில்லை?", "குடிதண்ணீர் எந்தத் தெருவோடு நின்றுபோகிறது?", "முதியோர் உதவித்தொகை கிடைக்காமல் விட்டுப்போனவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள்?" என்கிற மாதிரி.

கேள்விதான் படத்தின் எல்லையைத் தீர்மானிக்கும். கண்மாய்க்கான படம் ஊரோடு நிற்காது. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறதோ அதுவரை நீளும். குடிநீர்ப் படத்துக்குத் தெருக்கள் போதும், ஆனால் ஒவ்வொரு வீடும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் அடைத்தால் வயல் பெரிதாகி வீடுகள் புள்ளியாகிவிடும், அல்லது வீடுகள் பெருத்துக் கண்மாய் குட்டையாகிவிடும். வள வரைபடம் ஒரு நாள், சமூக வரைபடம் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

2. முந்தைய நாள்: பேச்சும் நடையும்

ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், தலைமையாசிரியர் ஆகியோரைப் பார்ப்பது மரியாதை. அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. ஆனால் அவர்களோடு நின்றுவிடாதீர்கள். கண்மாய் மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி, ஆடு மேய்ப்பவர், தண்ணீர் தொட்டி ஆபரேட்டர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழு ஊக்குநர், தூய்மைக் காவலர் ஆகியோரையும் தேடிப்போய்ப் பாருங்கள். ஊரின் ஒவ்வொரு மூலையும் இவர்களில் யாரோ ஒருவருக்குக் காலடித் தடம்போலத் தெரியும். கூட்டத்துக்கு வாருங்கள் என்று நேரில் போய்ச் சொல்லாவிட்டால் இவர்கள் வரமாட்டார்கள்.

பிறகு ஊருக்குள் ஒரு நடை. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு கண்மாய்க் கரைவரை போய்வாருங்கள். இந்த நடையில் எதையும் வரைய வேண்டாம். இடப்பெயர்களை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: நடுமடை, அய்யனார் கோயில் மேடு, பழைய கிணத்தடி. மறுநாள் "மேற்குப் பகுதியில் உள்ள நீர்நிலை" என்று நீங்கள் பேசினால் யாருக்கும் புரியாது. "நடுமடைக்கு மேலே" என்று சொன்னால் பத்துப் பேர் வாய் திறப்பார்கள்.

எதற்காக வந்திருக்கிறோம் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் "வீடு கட்டித் தர எழுதுறாங்களாம்" என்று பேச்சு கிளம்பும். அப்படி ஒரு எண்ணம் விழுந்துவிட்டால் மாடி வீடு ஓட்டு வீடாகும், இருக்கிற மாடு இல்லாமல் போகும். வேறு சில ஊர்களில் நிலம் எடுக்க வந்தவர்கள் என்று பயப்படுவார்கள். ஆகவே தெளிவாகச் சொல்லுங்கள்: "எங்களால எதுவும் வாங்கித் தர முடியாதுங்க. சர்வே நம்பர் எழுத மாட்டோம். போடுற படம் உங்க ஊர்லயேதான் இருக்கும்."

இன்னொன்று. செயற்கைக்கோள் படத்தைக் களத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ஃபோன் திரையை விரித்த உடனே இளைஞர்கள் அதைச் சூழ்ந்துகொள்வார்கள், பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அதைப் பார்க்கும் நேரம் பின்னால் வரும்.

3. இடமும் நேரமும்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நிழல் இருக்கிறது, தரை நன்றாக இருக்கிறது என்று கோயில் வாசலைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அங்கே காலனிக்காரர்கள் எவ்வளவு தூரம் வந்து நிற்பார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். தள்ளி நிற்பவர் கையில் கோலமாவைக் கொடுக்க முடியாது. பள்ளி மைதானம், அங்கன்வாடி முன்புறம், ரேஷன் கடை அருகே உள்ள வேப்பமரத்தடி என்று எல்லாத் தெருக்காரரும் கேட்காமல் வந்துபோகிற இடமாகப் பாருங்கள்.

அப்படிப் பொது இடமே இல்லாத ஊர்களும் உண்டு. அங்கே இரண்டு தெருவிலும் தனித்தனியாக வரையுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பல விஷயங்கள் தெரியும். ஊர்த்தெருப் படத்தில் காலனி ஒரே ஒரு வட்டமாக இருக்கும். காலனிப் படத்தில் ஒவ்வொரு வீடும், மழைக்காலத்தில் சேறாகும் சுடுகாட்டுப் பாதையும், தண்ணீர் வராத குழாயும் இருக்கும். ஊர்த்தெருவில் வரைந்ததை மட்டும் "கிராம வரைபடம்" என்று எழுதிக் கொடுப்பது பொய்க்கணக்கு.

பெண்களுக்குத் தனியாக ஒரு குழு வேண்டும். மாமனாரும் கொழுந்தனும் நிற்கும் இடத்தில் மருமகள் முன்வந்து கோடு போடமாட்டாள். நேரத்தை அவர்களிடமே கேளுங்கள். காலையில் நூறு நாள் வேலை, மதியம் வெயில், பொழுது சாயும்போது மாடு திரும்பும், குழாயில் தண்ணீர் வரும். பெரும்பாலும் மூன்றரை மணிக்கு மேல் ஐந்தரைக்குள் ஒரு இடைவெளி கிடைக்கும். கூட்டம் நடத்துகிறவருக்கு வசதியான நேரம் இது இல்லை, அதனாலேயே யாரும் இதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

பருவத்தையும் பாருங்கள். ஆடிக் காற்றில் கோலமாவு நிற்காது. அந்த மாதத்தில் சிமெண்ட் தளத்தில் சாக்பீஸ்தான் வழி. ஐப்பசி, கார்த்திகையில் எந்த மழையும் அரைமணியில் உங்கள் படத்தை அழித்துவிடும்.

தரை குறைந்தது பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி இருக்கட்டும். சிறிய இடத்தில் வரைந்தால் ஒருவர் குனிந்தாலே மற்றவர்களுக்கு மறைத்துவிடும்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

வெள்ளைக் கல்மாவு மூன்று நான்கு கிலோ. அரிசிமாவு வேண்டாம், பாதிப் படம் போடுவதற்குள் எறும்பும் கோழியும் வந்துவிடும். கலர்ப்பொடி மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். நிறம் கூடக்கூட மாணவர்களுக்கு அழகுணர்ச்சி வந்துவிடுகிறது, படம் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது.

மிச்சத்தை ஊரிலேயே எடுத்துக்கொள்ளலாம்: செங்கல்பொடி, கரித்தூள், உமி, புளியங்கொட்டை, கூழாங்கல், வேப்பிலை. சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் அந்த முள்ளையே ஒடித்து வைக்கச் சொல்லுங்கள், விளக்கமே தேவைப்படாது.

துடைப்பம், வாளித் தண்ணீர், கட்டுவதற்கு நூல், நான்கு ஆணி, சார்ட் தாள் மூன்று, பென்சில், ஸ்கெட்ச் பேனா, குறிப்பு நோட்டு. மைக் வேண்டாம். மைக் வந்தால் பேச்சாளர் வந்துவிடுவார்.

5. உங்கள் ஆட்களைக் குறையுங்கள்

மூன்று பேர் போதும். ஒருவர் கேள்வி கேட்பார். ஒருவர் குறிப்பெடுப்பார். மூன்றாமவர் கூட்டத்தின் ஓரத்தைக் கவனிப்பார்: யார் பேசவில்லை, யார் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார், யார் பாதியில் எழுந்து போனார். மூன்றாவது வேலை சும்மா நிற்பதுபோலத் தெரியும், ஆனால் கெட்டிக்காரரைத்தான் அதில் போட வேண்டும்.

குறிப்பெடுப்பவர் முடிவை மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கோடு அழிக்கப்பட்டது, யார் சொல்லி அழித்தார்கள், மறுத்தவர் யார் என்பதெல்லாம் நோட்டில் ஏற வேண்டும். தரையில் அழிந்தது அங்கே மட்டும்தான் மிஞ்சும்.

மிச்ச மாணவர்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் இருக்கட்டும் (பிரிவு 12).

6. முதல் கோடு

இந்த முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான ராபர்ட் சேம்பர்ஸ் அடிக்கடி வலியுறுத்திய விதி: கோலை அவர்கள் கையில் கொடுத்துவிடு. சொல்வது எளிது. கூட்டம் கூடி, யாரும் அசையாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஓரிரு நிமிடத்தில்தான் புதியவர் பதறிப்போய், "சரி, நானே ஆரம்பிச்சுக் காட்டுறேன்" என்று குனிவார். அத்தோடு முடிந்தது. பிறகு எல்லாரும் உங்கள் படத்துக்கு உதவி செய்வார்கள்.

இப்படித் தொடங்குங்கள். நிற்கும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். "இப்ப நாம இருக்கிற இடம் இதுங்கய்யா. இங்கேருந்து கோயில் எங்கிட்டு?" யாராவது கை காட்டுவார். "அங்கன ஒரு கல்லு வச்சிருங்கண்ணே." மாவுக் கிண்ணத்தை நீட்டுங்கள். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து வாயை மூடிக்கொள்ளுங்கள்.

முதலில் வருபவர் பெரும்பாலும் முன்னாள் தலைவரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோதான். வரட்டும். சாலையை அவர் போட்டு முடிக்கட்டும். பிறகு அவருக்குத் தெரியாத ஒன்றை வேறொருவரிடம் கேளுங்கள்: "அப்பத்தா, பழைய கிணத்தடி எங்கிட்டு இருந்துச்சு? நீங்களே போட்டுக் காட்டுங்களேன்." கிண்ணம் அங்கே போகும். மரியாதை குறையாமல் ஒருவர் கையிலிருந்து கோலை வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுப்பா" என்று அப்பத்தா சொல்வார். தினமும் வாசலில் இரண்டு விரலிடுக்கில் மாவை எடுத்து இழை பிசகாமல் விடுகிறவர் அவர். நேர்க்கோடு போடத் திணறப்போவது ஆண்கள்தான். சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தால் பின்வாங்குபவர்கள் கோலமாவைத் தயங்காமல் வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தப்பாகப் போட்டால் கையால் தேய்த்துவிடலாம்.

திருத்தாதீர்கள். "பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்ல இருக்கு?" என்று நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். தப்பு இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அளவு சரியாக இல்லை என்பதும் தப்பு இல்லை. தன் வயலை ஒருவர் கண்மாய் அளவுக்குப் போட்டால் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

7. எதற்குப் பிறகு எதை வரைவது

திசையை முதலில் சரிசெய்யுங்கள். தரையில் வரையும் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்க வேண்டும். மக்கள் கையை நீட்டித்தான் இடம் சொல்வார்கள். கை ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் இருந்தால் கால்மணி நேரத்தில் குழம்பிவிடும்.

சமூக வரைபடத்தில்: கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி போன்ற அசையாத அடையாளங்கள், பிறகு சாலைகள், பிறகு தெருக்கள், கடைசியில் வீடுகள். வீட்டிலிருந்து தொடங்கினால் முதலில் கிண்ணம் பிடித்தவர் தெரு முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும். கடைசித் தெரு ஓரத்தில் நசுங்கும். கடைசித் தெரு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. வீடுகளுக்கு முன் எல்லாத் தெருவுக்கும் கோடு போட்டுவிட்டால் இடத்தகராறு வராது.

வள வரைபடத்தில் தண்ணீர் ஓடும் திசையிலேயே போங்கள். எங்கே விழுகிற மழை எந்த வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வருகிறது, கரை எது, எத்தனை மடை, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு எங்கே, அங்கிருந்து கிளம்பும் மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, கடைசி வயல் எது. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு கட்டத்திலும் பேசுகிறவர் தானாக மாறுவார். வரத்துக்காலை ஆடு மேய்ப்பவரும் கரி மூட்டம் போடுபவரும் சொல்வார்கள். மடைக்கணக்கு நீர்பாய்ச்சிக்குத் தெரியும். தண்ணீர் எட்டுகிறதா என்பதைக் கடைமடைக்காரர்தான் சொல்ல முடியும். கிணற்றிலும் வயலிலும் தொடங்கினால் நிலம் இருப்பவர்கள் மட்டும்தான் பேசுவார்கள்.

வரத்துக்காலில் ஓரிடம் வந்ததும் திடீரென்று எல்லாரும் அமைதியாவார்கள். ஆக்கிரமிப்பு இருக்கும் இடம் அது. அங்கே "யார் அடைச்சது?" என்று கேட்காதீர்கள். அடைத்தவர் அல்லது அவர் தம்பி கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கலாம், நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு பேசியவர்தான் அங்கே வாழ வேண்டும். "தண்ணி இங்க நின்னுருது, அப்படித்தானே?" என்று கேட்டு ஒரு கல்லை வையுங்கள். கல் போதும். மீதி எல்லாருக்கும் தெரியும்.

8. வீடுகளில் குறி வைப்பது

தெருவும் வீடும் வந்த பிறகு குறிகள். என்ன பொருள் எதைக் குறிக்கும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். "தனியா இருக்கிற பெரியவங்களுக்கு என்ன வைக்கலாம்?" என்று கேளுங்கள். அவர்கள் தேர்ந்த குறி அவர்களுக்கு மறக்காது. ஒரே கேள்விக்கு ஒரே பொருள்: புளியங்கொட்டை வீட்டில் உள்ள ஆட்களுக்கு என்றால் கடைசிவரை அதற்குத்தான்.

எதைக் குறிக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். கடன், நோய், வருமானம், சாதி, குடும்பச் சண்டை ஆகியவற்றை ஊர் நடுவே ஒரு வீட்டின் மேல் கல்லாக வைக்கக் கூடாது. அந்த வீட்டுக்காரர் இல்லாதபோது மற்றவர் சொல்வதை வைப்பது இன்னும் மோசம். தேவைப்பட்டால் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தனியே கேட்கலாம், படத்தில் வராது.

9. படத்தைக் கேள்வி கேட்பது

வரைந்து முடித்ததும் கைதட்டி ஃபோட்டோ எடுத்துக் கலைந்துவிடுவது வழக்கம். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எல்லாரையும் படத்தைச் சுற்றி உட்கார வையுங்கள். உட்கார்ந்தால்தான் பேச்சு நீளும்.

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "யாரு வீடு விட்டுப்போச்சு?" ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருப்பவர்கள், திருப்பூருக்கோ கேரளாவுக்கோ பிழைக்கப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடுகள், புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் அப்போதுதான் வருவார்கள்.

பிறகு, "மழை அடிச்சா எந்தத் தெருவுல முதல்ல தண்ணி நிக்கும்?" "குழாயில தண்ணி வந்தா எந்த வீட்டுக்கு முதல்ல வரும், எந்த வீட்டுக்குக் கடைசியா?" விரலால் வழியைத் தொட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். விரல் தயங்கும் இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். பெண்கள் குழுவில், "பொழுது அடஞ்ச பிறகு எந்த வழியில போக மாட்டீங்க?" ஆண்கள் குழுவில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே வராது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய கதைக்குத் தனியாக ஒரு பொருள். "உங்க சின்ன வயசுல கண்மாய்த் தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?" என்று பெரியவர்களைக் கேட்டு வேப்பிலையை வரிசையாக வைக்கச் சொன்னால், இன்றைய கரைக்கோட்டுக்கும் இலை வரிசைக்கும் நடுவே உள்ள இடத்தைப் பற்றி இளைஞர்களே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

"ஏன்" என்ற சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். "ஏன் கண்மாயைத் தூர்வாரல?" என்றால் அது குற்றம் சாட்டுவதுபோலக் கேட்கும். "கடைசியா எப்பத் தூர்வாருனாங்க? அப்ப யாரு யாரு வந்தாங்க?" என்றால் கதை வரும்.

10. தாளுக்கு மாற்றுவது

கூட்டம் கலைவதற்கு முன்பே செய்ய வேண்டும். "ஃபோட்டோ இருக்கு, ரூமுக்குப் போய் வரைஞ்சுக்கலாம்" என்று போனவர்களுக்கு இரவில் எந்தக் கல் எதற்கு என்று தெரியாது.

படத்தின் நான்கு மூலையில் ஆணி அடித்து, குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரியுங்கள். சார்ட் தாளையும் அதே எண்ணிக்கையில் மடியுங்கள். பிறகு கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்தால் யார் வேண்டுமானாலும் பெயர்த்துவிடலாம். ஊர்ப் பிள்ளைகளில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் ஒருவரை இதில் உட்கார வையுங்கள், உங்களைவிட வேகமாக முடிப்பார். ஃபோட்டோவை உயரத்திலிருந்து எடுக்கப் பள்ளி மாடி உதவும். வேப்பமரத்தில் ஏறத் தேவையில்லை, ஏறுகிறவர் எப்போதும் ஒருவர் இருக்கிறார்.

தாளில் இவை கட்டாயம்: ஊர்ப்பெயர், தேதி, வரைந்த இடம், எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, வடக்குக் குறி, குறிகளின் விளக்கம். எந்தத் தெருக்காரர் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். இது இல்லாத படத்தைப் பின்னால் பார்க்கிறவர் முழு ஊரும் ஒப்புக்கொண்ட படம் என்று நினைத்துவிடுவார்.

ஒரு பிரதி அன்றைக்கே ஊரில் தங்க வேண்டும். மகளிர் குழுவிடமோ பள்ளியிலோ நூலகத்திலோ கொடுங்கள். மதிப்பெண்ணுக்காகக் கல்லூரிக்குப் போகும் சார்ட் இரண்டாவது பிரதியாக இருக்கட்டும். படம் ஊரிலேயே இருக்கும் என்று முந்தைய நாள் வாக்குக் கொடுத்தவர் நீங்கள்தான்.

11. சரிபார்ப்பதும், மாதங்களை வரைவதும்

மறுநாள் வரைந்தவர்களில் இருவரை அழைத்துக்கொண்டு படத்தோடு நடங்கள். இப்போது செயற்கைக்கோள் படத்தைத் திறக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகாது. அரசு வரைபடத்தில் வாய்க்கால், ஊர்ப்படத்தில் வண்டிப்பாதை, நேரில் பார்த்தால் வேலி. எது சரி என்று தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை அல்ல. வேறுபாட்டைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

இடத்தைக் காட்டும் படம் காலத்தைக் காட்டாது. அதற்குப் பருவகால நாட்காட்டி. தரையில் பன்னிரண்டு கட்டம் போட்டுச் சித்திரையிலிருந்து தொடங்குங்கள். ஜனவரி, பிப்ரவரி என்று போட்டால் பெரியவர்கள் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் மாற்றிக் கணக்குப் போட வேண்டியிருக்கும். தமிழ் மாதம் ஆங்கில மாதத்தின் நடுவில் பிறப்பதால், அலுவலகத்துக்கு மாற்றி எழுதும்போது ஐப்பசியை "அக்டோபர்" என்று சுருக்காமல் "அக்டோபர் நடு முதல் நவம்பர் நடு வரை" என்று எழுதுங்கள். பதினைந்து நாள் தவறினால் விதைப்புக் கடன் அறுவடைக்கு வரும்.

வரிசைகளாக மழை, விதைப்பு, கூலிவேலை, கைமாற்று வாங்கும் காலம், மாட்டுத் தீவனம், காய்ச்சல், குடிதண்ணீர்த் தட்டுப்பாடு. எண் கேட்காதீர்கள். குச்சியை ஒடித்து வைக்கச் சொல்லுங்கள்: அதிகம் என்றால் நீளக்குச்சி, குறைவு என்றால் துண்டு. மானாவாரிக் கண்மாய்ப் பகுதியில் புரட்டாசி விதைப்பும் தை, மாசி அறுவடையும் முதலிலேயே வந்துவிடும். கவனிக்க வேண்டியது நடுவில் உள்ளது. எந்த மாதத்தில் கூலிக்குச்சி குட்டையாகி, கடன்குச்சி நீள்கிறது என்று அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். காவிரி டெல்டாவில் இதே படம் வேறு மாதிரி இருக்கும். அங்கே மேட்டூர் திறக்கும் ஜூன் 12 தான் எல்லாரும் சொல்லும் முதல் தேதி. அந்த ஆண்டு தாமதமாகத் திறந்திருந்தால் அதற்கென்று தனி வரிசை கேட்பார்கள்.

12. பிள்ளைகளோடு வரைவது

பெரியவர்கள் கூட்டத்திலிருந்து விலக்கி, பள்ளியில் தனியாக. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு நன்றாகப் பிடிக்கும். தலைப்பு: "வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை".

கரும்பலகையில் மாதிரி வரைந்து காட்டாதீர்கள். சும்மா விட்டாலே இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம் வந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் மேடே இல்லாத ராமநாதபுரத்திலும் அந்த மலை வரும். அதைத் தடுக்க ஒரு வழி: வரையும் முன் கண்ணை மூடச் சொல்லி, வீட்டு வாசலிலிருந்து ஒவ்வொரு திருப்பமாகக் கேளுங்கள். "எந்தப் பக்கம் திரும்புவ? அங்க என்ன வாசம் வரும்? எங்க ஓடுவ?" பிறகு தாள் கொடுங்கள். ரப்பர் கொடுக்காதீர்கள், ரப்பர் இருந்தால் முதல் அரைமணி அழிப்பதிலேயே போகும். மதிப்பெண்ணும் பரிசும் வேண்டாம். பரிசு என்றதும் நன்றாக வரைபவர்கள் மட்டும் வரைவார்கள்.

தனித்தனித் தாள்கள் முடிந்ததும், ஒரே தெருப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துத் தரையில் சாக்பீஸால் பெரிதாக இணைக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் படத்தில் இல்லாதவை வரும்: கடிக்கிற நாய், மூடாத கிணறு, குடித்துவிட்டு உட்காரும் மதகு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டிய ஓடை. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு பிள்ளை குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய பயத்தைப் படத்தில் காட்டினால் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள், வகுப்பு நடுவே கேள்வி கேட்காதீர்கள். தலைமையாசிரியரிடம் தனியே பேசுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-உம் இருக்கிறது.

13. கிராம சபைக்குக் கொண்டுபோவது

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். தண்ணீர் பற்றிய படம் என்றால் மார்ச் 22 பொருத்தம், அது உலக தண்ணீர் நாள். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டிய வேலை என்றால் அக்டோபர் 2-ஐத் தவறவிடாதீர்கள்.

முழுப் படத்தையும் அங்கே விளக்கத் தொடங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு கேள்வி, ஒரு கோரிக்கை. அதற்கான பகுதியை மட்டும் பெரிய தாளில் தடித்த கோட்டில் மறுபடி வரைந்து, பின்வரிசைக்குத் தெரிகிறமாதிரி பிடியுங்கள். பேச வேண்டியவர் ஊர்க்காரர், முடிந்தால் அந்தக் கோட்டைப் போட்டவரே. வெளியூர்க்காரர் பேசினால் பதிலும் வெளியூர்க்காரருக்குச் சொல்வதாகவே இருக்கும். முந்தைய நாள் மாலை ஒருமுறை அவரைப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள், மூன்று நிமிடத்துக்குள்.

கோரிக்கையை எழுத்திலும் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். "பார்க்கலாம்" என்று சொல்வதோடு விடாமல், தீர்மானப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். தீர்மான எண்ணை ஊரில் இருக்கும் சார்ட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே ஆள் அதே தாளைத் திருப்பிக் காட்டி, "இந்த நம்பர் என்னாச்சுங்க?" என்று கேட்கலாம். வேலை நடந்திருந்தால் அந்த இடத்தைப் பச்சை ஸ்கெட்ச்சில் குறியுங்கள், நடக்காவிட்டால் சிவப்பில் தேதி போடுங்கள். புதுப் படம் வரையத் தேவையில்லை.